சுவரை ஒட்டிய ஐந்தடி

ஐயா,

கோடை பிறந்தாலே கொடைக்கானல், நீலகிரி மலைகளில் காட்டுத்தீ பயம் தொடங்கிவிடுகிறது. தீத்தடுப்புக் கோடு போடுவது வனத்துறையின் வேலை. வீட்டைச் சுற்றியுள்ள இடம் நம் பொறுப்பு. காட்டோர வீடுகள் பெரும்பாலும் காற்றில் பறந்துவரும் கங்குகளால்தான் பற்றிக்கொள்கின்றன. கூரை மடிப்பிலும் மழைநீர் வடியும் தகரத்திலும் தேங்கிய தைலமரச் சருகு, பைன் ஊசியிலை, சுவரோடு அடுக்கிய விறகு... ஒரு கங்கு போதும். சுவரிலிருந்து ஐந்தடிக்குச் செடியே வேண்டாம், சரளைக்கல் பரப்புங்கள். விறகை முப்பதடி தள்ளி அடுக்குங்கள். உண்ணிச்செடிப் புதரைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் மளமளவென எரியும். சில விடுதிகளில் அழகுக்காகச் சைப்ரஸ் மரத்தை ஜன்னலை ஒட்டியே நடுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. கட்டட அனுமதி தரும்போதே உள்ளாட்சி நிர்வாகம் இதையெல்லாம் நிபந்தனையாக்க வேண்டும்.

வாசகர், கொடைக்கானல்