அப்பா பஸ் நிறுத்தத்தில் நின்ற கதை

அன்புள்ள கார்த்திக்,

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறுகிறார். நீ அனுப்பிய பணம் வந்தது. நீ சரியாகத் தூங்குவதில்லை என்று சுதா சொன்னாள். நேரத்தோடு தூங்கு. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் உனக்கு என்ன வேலை?

சரி, சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெண் போன வாரம் என்னிடம் பேசினாள். என் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று துருவிக்கொண்டிருக்காதே. அவள் திட்டவில்லை, அழவில்லை. "அம்மா, வேண்டாம் என்று மார்ச் மாதமே சொல்லிவிட்டேன், நீங்கள் சொன்னாலாவது கேட்பாரா?" என்றாள். அப்போது அந்தப் பக்கம் காலிங்பெல் அடித்தது. பேச்சு சட்டென்று நின்றது. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்து வீட்டுக்காரங்கதான்" என்றாள், நான் ஏதோ கேட்டதுபோல. நீ ஊரிலேயே இல்லாத நாளிலும் அவள் வாசலில் நீதான் நிற்கிறாய்.

'நான் என்ன கையைப் பிடித்தா இழுத்தேன்?' என்பாய். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லைதான். ஒரு பூங்கொத்து, ஒரு மெசேஜ், ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம். வேண்டாம் என்றவளுக்கு நாற்பதாவது தடவை வரும் பூவும் மிரட்டல்தான். இரண்டு சிம் மாற்றிவிட்டாள். போகிற வழியை மாற்றிவிட்டாள். அடுத்து எப்போது, எங்கே என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது. தோழிகளோ, "உன் மேல் எவ்வளவு ஆசை பார்" என்கிறார்களாம். தான் சிரித்துப் பேசியதுதான் தப்போ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

உன்னைப் பெருமையாகச் சொல்லாத இடமில்லை எனக்கு. பெரியம்மா ஆபரேஷனுக்குப் பத்து நாள் ஆஸ்பத்திரி தரையில் படுத்தவன் நீ. அந்தப் பிள்ளையா இது?

ஆனால் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அப்பா ஒன்றரை வருஷம் என் பின்னால் வந்த கதை, மழையில் குடையில்லாமல் பஸ் நிறுத்தத்தில் நின்ற கதை, எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எல்லோரும் சிரிப்பீர்கள். மீதியை நான் சொன்னதில்லை. அந்த ஒன்றரை வருஷமும் நான் தனியாக மொட்டை மாடிக்குப் போகவில்லை. தையல் வகுப்பை விட்டேன். வீட்டில் சொன்னால் என்னைத்தான் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. அது 1988. இப்படிப் பின்தொடர்வதற்கென்று தனிச் சட்டம் அமெரிக்காவில் முதன்முதலில் கலிஃபோர்னியாவில் வந்ததே 1990-ல்தான் என்று இப்போது படிக்கிறேன். அப்புறம் பெண் கேட்டு வந்தார்கள், சரி என்றேன். பயம் விட்டுப்போன நிம்மதியைத்தான் ஆசை என்று நினைத்தேனோ, என்னவோ. அப்பா நல்லவராக அமைந்தார், அது என் அதிர்ஷ்டம். அதைப் போய் வேடிக்கைக் கதையாக்கி உனக்கு வழிகாட்டிவிட்டேன்.

அவளுக்குப் போன் செய்யாதே. மன்னிப்புக் கேட்கக்கூடப் போகாதே, அதுவும் இன்னொரு காலிங்பெல்தான் அவளுக்கு. நண்பர்களைத் தூது அனுப்பாதே. அவள் என்ன பதிவு போட்டாள் என்று வேறு பெயரில் போய்ப் பார்க்காதே. போன் மட்டும் செய்யாதே, கார்த்திக். அவள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். புகார் கொடுத்தால் தடுக்க மாட்டேன். என்னைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். ஒரு மனநல ஆலோசகரைப் பார், என்றைக்குப் போகிறாய் என்று எனக்கு எழுது.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. அவரிடமும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்று இருந்தால் என்னைக் கூப்பிடு.

அம்மா