சந்தையில் இரண்டாம் வேற்றுமை

மாட்ரிட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஜூன் பிறந்துவிட்டது. இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் பெரும்பாடு.

ஸ்பானிஷ் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டீர்கள். அதைப் போனில் சொல்லி முடியாது. காலமெல்லாம் வகுப்பில் வேற்றுமை நடத்தியவர் நீங்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்கே ஆளைப் படுத்துவது 'என்னை', 'உனக்கு', 'அதை' மாதிரியான சொற்கள்தான். எல்லாம் ஓரசைதான். 'மே' என்றால் என்னை, எனக்கு இரண்டும்தான். 'தே' அப்படியே உன்னை, உனக்கு. மூன்றாம் ஆளுக்குப் போனால்தான் வேற்றுமை பிரிகிறது: ஆண்பாலுக்கு 'லோ', பெண்பாலுக்கு 'லா', இவை இரண்டாம் வேற்றுமை; 'லே' நான்காம் வேற்றுமை. அஃறிணை என்று தனியாக ஒன்று கிடையாது, பொருளுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு. சால்மன் மீன் ஆண். இந்த ஊர்க்காரர்கள் அடிக்கடி வாங்கும் மெர்லூசா என்ற மீன் பெண்.

பக்கத்துச் சந்தையில் மெர்லூசாவைத் தராசில் போட்டதும் மீன்காரர் என்னிடம் "தே லா லிம்பியோ?" என்கிறார். உனக்கு, அதை, சுத்தம் பண்ணட்டுமா. வரிசை நம்முடையதுதான், கவனித்தீர்களா? அடுத்து நிற்கும் பாட்டியம்மாவிடம் அதே கேள்வி "செ லா லிம்பியோ?" ஆகிறது. அவருக்கு மரியாதைப் பன்மை மாதிரி ஒரு வடிவம், அதற்கு நான்காம் வேற்றுமை 'லே'. ஆனால் 'லே லா' என்று இரண்டு லகரம் சேர்ந்து வரக் கூடாது, முன்னது 'செ' ஆகிவிடும். இது ஒரு புணர்ச்சி விதி என்று வைத்துக்கொண்டேன், மனதில் நின்றுவிட்டது.

நான் சொல்லும் பதில் "லிம்பியாமெலா": சுத்தம் பண்ணு, எனக்கு, அதை. ஏவலில் இந்தச் சொற்கள் வினைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கின்றன. வேண்டாம் என்றால் "நோ மே லா லிம்பியேஸ்", மறுபடி வினைக்கு முன்னால் வந்துவிடும். 'செய்யாதே' என்றவுடன் ஏன் இடம் மாற வேண்டும்? வகுப்பில் கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்.

உள்ளூர்க்காரர்களும் இதில் ஒத்துப்போவதில்லை. செவியாவிலிருந்து வந்த என் சக ஊழியர் 'அவனைப் பார்த்தேன்' என்பதற்கு 'லோ வி' என்பார். மாட்ரிட்காரர்கள் 'லே வி' என்பார்கள், இரண்டாம் வேற்றுமைக்கு நான்காவது. 1713-இல் தொடங்கிய அரச மொழிக் கழகம் இங்கேதான் இருக்கிறது. ஆண் ஒருவரைக் குறித்தால் அதைச் சரி என்று விட்டுவிடுகிறது. ஆனால் 'அவளிடம் சொன்னேன்' என்பதற்கு 'லா' போட்டுப் பேசும் பழக்கமும் இந்த ஊரில் உண்டு, அதை மட்டும் ஏற்பதில்லை. தலைநகரத்துப் பேச்சுக்கே தலைநகரத்தில் பிழை போடுகிறார்கள்!

நமக்குச் சுலபமான இடமும் உண்டு. 'மே குஸ்தா எல் கஃபே' என்பது அப்படியே 'எனக்குக் காபி பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. வகுப்பில் இருக்கும் ஆங்கிலேயர் 'நான்' என்று தொடங்கிவிட்டுத் தவிப்பார். நமக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் உண்மையான கஷ்டம் வேறு. 'சாவியைப் பார்த்தாயா?' என்றால் நாம் 'பார்த்தேன்' என்று முடித்துவிடுவோம். இங்கே அது பாதி வாக்கியம். 'அதைப் பார்த்தேன்' என்றே சொல்ல வேண்டும். போதாததற்கு, ஒருவரைச் சொன்ன பிறகும் சுட்டுச் சொல் தனியாக வருகிறது: 'ஆ மி பாத்ரே லே எஸ்க்ரிபோ', என் அப்பாவுக்கு அவருக்கு எழுதுகிறேன். இத்தனை விதியையும் மனப்பாடம் செய்துவிடலாம் அப்பா, சொல்லாமல் விட்டே பழகிய வாய்தான் இன்னும் வணங்கவில்லை.

'பால் குடித்தான்' என்று உருபு மறைந்தால் தொகை என்று சொல்லிக் கொடுத்தீர்கள். 'குடித்தான்' என்று பாலே மறைந்துபோனால் நம் இலக்கணத்தில் அதற்கு என்ன பெயர்? பதில் எழுதும்போது சொல்லுங்கள். அம்மாவின் முட்டிவலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கேட்டால் அவள் சொல்வதில்லை.

உங்கள் அன்பு மகள்