போர்க்காலப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கக் கோரி மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: இரண்டாம் உலகப் போர்க்காலக் குடும்பப் புகைப்படங்களை அரசு அருங்காட்சியகம் மூலம் ஸ்கேன் செய்து மக்கள் பார்வைக்கு வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1944, 1945-ல் பர்மா போர்முனையில் பாலம் போடும் வேலையில் இருந்தவர். அவர் கொண்டுவந்த புகைப்படங்கள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. பெங்களூர் ஸ்டுடியோவில் சீருடையோடு நிற்கும் படம், ஆற்றின் குறுக்கே பாதி முடிந்த இரும்புப் பாலம், மரத்தடியில் சோறு வடிக்கும் ஆட்கள். சண்டைக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பல படங்களின் பின்புறம், படத்தில் இருப்பவர்களின் ஊர்ப்பெயர்களைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்: பர்கூர், மத்தூர், ஊத்தங்கரை.

என்னைப் பொறுத்தவரை படங்களைவிட இந்தக் குறிப்புகள்தான் பெரிது. அன்று நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். அதனால் அந்தக் காலக் காகிதங்களில் இவர்கள் சேலத்துக்காரர்களாகவே நின்றுபோனார்கள். ரங்கூன் அருகே தௌக்கியான் போர்க்கல்லறையில், கல்லறை தெரியாமல் மாண்ட ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் நம் ஊர்க்காரர் யார் என்று இங்கே சொல்ல ஆளில்லை. மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கும் நடுகல் நட்ட மண் இது. பர்மாவுக்குப் போனவர்களுக்கு இந்தப் படங்களாவது மிஞ்ச வேண்டும்.

படங்களின் நிலை கவலையாக இருக்கிறது. ஓரங்கள் வெள்ளி பூத்துவிட்டன. கறுப்புத் தாள் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியவை பூஞ்சை பிடிக்கின்றன. சட்டம் போட்ட ஒரு படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும், கண்ணாடியோடுதான் ஸ்கேன் செய்ய வேண்டும். கடையில் கொடுக்க மனம் வரவில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அவர்களுடைய ஆலோசனையோடு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் படங்களின் இருபுறமும் ஸ்கேன் செய்து தர உத்தரவிட வேண்டுகிறேன். அசல் படங்கள் எங்களிடமே திரும்ப வரவேண்டும். நகல்களை அருங்காட்சியகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் யாரும் பார்க்கும்படி வைக்க எங்கள் குடும்பத்துக்கு முழுச் சம்மதம். படத்தில் இருக்கும் மற்றவர்களின் வாரிசுகளைக் கண்டுபிடிக்க முடிந்தால், அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியிடுவது நல்லது.

அப்புறம், முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஓர் அறிவிப்புக் கொடுத்தால், இதே போல் பெட்டி வைத்திருக்கும் மற்றக் குடும்பங்களும் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. தாத்தாவின் மகளான என் அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. போர் முடிந்த பிறகும் தாத்தாவைத் தேடி வீட்டுக்கு வந்துபோன நண்பர்களை அவர் பார்த்திருக்கிறார். படத்தைக் காட்டினால் இவர் இன்னார் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஸ்கேன் செய்யும்போது அவர் சொல்வதையும் ஒலிப்பதிவு செய்து படத்தோடு சேர்த்துவைக்க வேண்டும்.

எந்த நாளில் வரவேண்டும் என்று தெரிவித்தால் அத்தையையும் பெட்டியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்