தமிழுக்கு நெருப்பு தெரியாதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மொழிகள் நெருப்பையும் வேட்கையையும் எவ்வாறு ஒரே சொல்லில் குடிவைத்திருக்கின்றன என்று விளக்க முன்வந்த கட்டுரையைத் தங்கள் இதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் ஆவலோடுதான் படிக்கத் தொடங்கினேன். பாதி தூரம் வந்ததும், "‘பேஷன்’ என்ற சொல்லுக்குள் எரியும் தீயை ஏந்துவதற்கு, ஆற்றங்கரையில் வளர்ந்த நம் குளிர்ந்த தமிழில் சொல் இல்லை" என்று ஒரு வாக்கியம் எதிர்ப்பட்டது. (நடையுடை ‘ஃபேஷன்’ அல்ல; வேட்கை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்.) கட்டுரையாளர் எந்த ஆற்றங்கரையைச் சொன்னாரோ, காவிரிக்கரையில் பிறந்து அங்கேயே தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது எங்கள் ஊரைச் சொன்னதாகவே பட்டது.

தாங்கள் அறியாததை நான் சொல்லப்போவதில்லை. ‘பேஷன்’ என்ற சொல்லுக்குள் நெருப்பே இல்லை என்பது தங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்ததுதான். துன்புறுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. மருத்துவமனையில் நோயாளியை ‘பேஷண்ட்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் வேர் அதுவே. ஜெர்மானியர் வேட்கையை ‘லைடன்ஷாஃப்ட்’ என்கிறார்கள். அதிலும் ‘லைடன்’ என்பது துன்புறுதல்தான். ரஷ்ய மொழியின் ‘ஸ்த்ராஸ்த்’ என்ற சொல்லும் துன்பத்தோடு உறவுடையது. கட்டுரையாளர் பெரிய வெள்ளியன்று வேளாங்கண்ணிப் பக்கம் ஏதாவது ஒரு கோயிலுக்குள் எட்டிப் பார்த்திருந்தால், இயேசுவின் ‘பேஷன்’ திருப்பாடுகள் என்ற பெயரில் வாசிக்கப்படுவதைக் கேட்டிருக்கலாம். படு என்ற வினையிலிருந்து பாடு. லத்தீன்காரன் நடந்த அதே வழியில் தமிழும் நடந்திருக்கிறது. அதே வினைதான் ஆசைப்படுவதிலும் துன்பப்படுவதிலும் நமக்குத் துணைக்கு வருகிறது. இல்லாத சொல்லைப் பற்றியா இந்தப் பேச்சு?

ஆங்கிலத்தில் நெருப்புள்ள சொற்கள் வேறு. ‘ஆர்டென்ட்’ எரிதலிலிருந்தும், ‘ஃபெர்வென்ட்’ கொதித்தலிலிருந்தும் வந்தவை. அவற்றைக் கட்டுரை தொடவேயில்லை. ‘ஃபோகஸ்’ வேண்டும், ‘ஃபோகஸ்’ வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அந்தச் சொல் லத்தீனில் வீட்டு அடுப்பைக் குறித்தது; பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் நெருப்புக்கு வழங்கும் சொற்கள் அதிலிருந்து பிறந்தவை. இதையாவது எழுதியிருந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

நான் சுவாமிமலைக்காரன். எங்கள் வீட்டில் விக்கிரகம் வார்க்கும் பட்டறை இருந்தது. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, வறட்டி மூட்டத்தில் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உருக்கிய உலோகம் இறங்கும். மூசையிலிருந்து அது இறங்கும்போது பட்டறையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வார்த்து முடிந்ததும் பெரியவர்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "ஆறட்டும்" என்பது. அவசரப்பட்டு மண்ணை உடைக்கப் போன கையைத் தட்டிவிடுவார்கள். வீட்டில் யாருக்கேனும் சண்டை மூண்டாலும், துக்கம் நேர்ந்தாலும் அதே பெரியவர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். நெருப்பைப் பற்றித் தமிழ் என்ன நினைக்கிறது என்பதை நான் கற்றது அங்கேதான்.

தமிழ் தன்னைத் தண்டமிழ் என்று சொல்லிக்கொள்வது உண்மை. சூடு அறியாதவன் குளிர்ச்சியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வானா? சித்திரை வெயிலில் வாய்க்கால் வறண்டு கிடக்கும் வயலைப் பார்த்தவனுக்கே தண்ணென்ற சொல்லின் அருமை தெரியும். நாம் நெருப்பை அது தணிகிற பக்கத்திலிருந்து பெயரிட்டு அழைக்கிறோம். துக்கப்படுகிறவனுக்குச் சொல்வது ஆறுதல். ஆற முடியாத நிலை ஆற்றாமை. ஔவைக்குச் சினம் ஆறுவது. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலையில் சென்றால் "பசியாறினீர்களா" என்றுதான் கேட்பார்கள். இத்தனைக்கும் அடியில் எரிந்துகொண்டிருப்பது எது என்று கட்டுரையாளர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? நெருப்பை அணைப்பதும் நெஞ்சோடு அணைப்பதும் தமிழில் ஒரே ஓசை என்பது அவர் காதில் விழவில்லை போலும். எங்கள் கல்லணையிலும் அந்த ஓசைதான் இருக்கிறது.

வள்ளுவர் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். "நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீயாண்டுப் பெற்றாள் இவள்" என்கிறான் அவருடைய தலைவன். விலகினால் சுடுகிறது, நெருங்கினால் குளிர்கிறது, இப்படியொரு தீயை இவள் எங்கே பெற்றாள் என்று வியக்கிறான். "தொடிற்சுடின் அல்லது காமநோய் போல விடிற்சுடல் ஆற்றுமோ தீ" என்று இன்னோரிடத்தில் அந்தத் தீயையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார். இரண்டும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற நூலில் இருப்பவை; தங்கள் அலுவலகத்திலும் ஒரு பிரதி இருக்கும்.

வேட்கை என்ற சொல்லையும் கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ‘வேள்’ என்ற வினையைப் பார்த்தால், யாகம் செய்தல், மணம் புரிதல், விரும்புதல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கும். வேள்வியும் வேட்கையும் ஒரே குடும்பம். தேர்தலுக்குத் தேர்தல் தாங்கள் பக்கம் பக்கமாகப் படம் போடுகிற வேட்பாளர்களும் அந்தக் குடும்பத்தினர்தாம். அவர்களுடைய வேட்கையில் தீ இல்லையென்று யார் சொல்ல முடியும்?

ஆர்வம் என்ற சொல்லைக் கட்டுரையாளர் "சப்பென்ற சொல்" என்று ஒதுக்கியிருக்கிறார். பூதத்தாழ்வார் தம் திருவந்தாதியை "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக" என்று தொடங்குகிறார். அன்பு அகல், ஆர்வம் அதில் வார்த்த நெய், இன்பத்தில் உருகும் சிந்தை திரி. நெருப்பையும் ஆர்வத்தையும் சேர்த்துப் பார்க்க நமக்கு யாரும் இறக்குமதி செய்து தரவேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாசுரத்தைத் தங்கள் மார்கழிச் சிறப்பிதழ் "அன்பே தகழியா" என்று அச்சிட்டிருந்தது. தகழி கேரளத்தில் உள்ள ஊர். அதைச் சுட்டி அப்போதே கடிதம் எழுதினேன், வரவில்லை. அந்த வாரம் வாசகர் கடிதப் பகுதி இருந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் வந்திருந்தது. தங்களுக்கு இடநெருக்கடி இருந்திருக்கும் என்று நான் பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

மற்ற மொழிகளைப் பற்றியும் கட்டுரை பேசுவதாகச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தைச் சுற்றியே வந்தது. சீனர்கள் வெப்பத்துக்கு ஓர் எழுத்தும் உணர்ச்சிக்கு ஓர் எழுத்தும் அடுத்தடுத்து வைத்து உற்சாகத்தைக் குறிக்கிறார்கள். அதே இரண்டையும் ஜப்பானியர்கள் வரிசை மாற்றி ‘ஜோனெட்சு’ என்று வேட்கைக்கு வைத்துக்கொண்டார்கள். பாரசீகத்தின் ‘ஜோஷ்’ கொதித்தலைக் குறிக்கும். மலேசியாவுக்குப் பிழைக்கப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், மலாயில் ‘ஆப்பி’ என்றால் நெருப்பு என்றும் ஆவேசமான பேச்சுக்கு அதையே இரட்டித்துச் சொல்வார்கள் என்றும் சொல்லியிருப்பார்கள். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பொறாமையைத் தெலுங்கர் வயிற்று எரிச்சல் என்ற பொருளில் ‘கடுப்பு மண்ட்ட’ என்கிறார்கள். கன்னடர் ‘ஹொட்டெ கிச்சு’ என்கிறார்கள், அதுவும் வயிற்றுத் தீயே. தமிழனுக்கும் வயிறுதான் எரிகிறது. ஆங்கிலேயன் வயிற்றில் நெருப்பு இருந்தால் சாதிக்கத் துடிக்கிறான் என்று பொருள். நம் ஊரில் அடிவயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவள் வெளியே போன மகள் வீடு திரும்பும்வரை காத்திருக்கிற தாய். இந்த ஒரு வேறுபாட்டை விரித்திருந்தாலே கட்டுரை உருப்பட்டிருக்கும்.

தங்கள் இதழில் வாராவாரம் வருகிற ‘உங்கள் பேஷனைத் தேடுங்கள்’ பகுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் ஒரு கல்லூரி விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அந்தப் பகுதியை மனப்பாடமாக ஒப்பித்து, "தமிழில் இதற்குச் சொல்லே கிடையாது" என்று முடித்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரத்தம் கொதித்தது. அவர் எங்கிருந்து கற்றாரோ, அங்கேயே இப்போது கட்டுரையும் வந்திருக்கிறது.

துன்பமும் தீயும் சேர்ந்த சொல்தான் வேண்டுமென்றால், தவம் இருக்கிறது. சுடுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த தபஸ் அது; நாம் நாள்தோறும் சொல்லும் பரிதாபமும் அனுதாபமும் அதன் உடன்பிறப்புகள். ‘தவம்’ என்ற அதிகாரத்தில்தான் வள்ளுவர், சுடச்சுட ஒளிவிடும் பொன்னைப்போல, துன்பம் சுடச்சுட நோற்பவர் ஒளிபெறுவார் என்கிறார். லத்தீனின் துன்பமும் கட்டுரையாளர் தேடிய தீயும் ஒரே குறளில் கூடியிருக்கின்றன.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நான் கோரவில்லை. "சொல் இல்லை" என்ற அந்த வாக்கியம் தவறு என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்; விளம்பரத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தாலும் போதும். அதற்கும் இடமில்லையென்றால், வருகிற மார்கழியில் அந்தப் பாசுரத்தை மறுபடி வெளியிடும்போது ‘தகளி’யை மட்டுமாவது சரியாக அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சுவாமிமலை.