முதுகலை வகுப்புக்கு முன் ஆறு வாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இளங்கலை கடைசி செமஸ்டர் முடியும் ஏப்ரல், மே மாதங்களில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பேருந்து நிலையச் சுவர்களில் 'முப்பதே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்' சுவரொட்டிகள் முளைத்துவிடும். முதுகலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் அங்கேதான் பணம் கட்டுகிறார்கள். பேசப் பழகுவது நல்லதுதான். ஆனால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ, திருச்சிக்கோ, கடல் கடந்தோ போகும் மாணவர் முதல் செமஸ்டரில் தடுக்கி விழும் இடம் வேறு. வாரத்துக்கு நான்கு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றை வைத்து இரண்டாயிரம் சொல்லில் அசைன்மென்ட் எழுதச் சொல்லும்போது கை நின்றுவிடுகிறது. இளங்கலையில் மூன்று வருடம் நோட்ஸும் கைடும் படித்துத் தேறியவருக்கு அப்படி ஒரு வேலையை யாருமே கொடுத்ததில்லை. அதைப் பழக்க, முதுகலைக்கு முன் ஆறு வாரப் படிப்பு ஒன்றை நம் கல்லூரிகளிலேயே நடத்தலாம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்குக் கோச்சிங் போனால் இது சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதி மொத்தம் 60 நிமிடம். முதல் கேள்விக்கு ஒரு வரைபடத்தைப் பார்த்து 150 சொல். இரண்டாவதற்கு 250 சொல்லில் சொந்தக் கருத்து. ஒரு புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், ஒருவரை மேற்கோள் காட்ட வேண்டாம். பல்கலைக்கழகம் கேட்பதோ பத்துப் பதினைந்து மூலங்களைப் படித்து, யார் எங்கே ஒத்துப்போகிறார், எங்கே முரண்படுகிறார் என்று பார்த்து எழுதும் கட்டுரை. முன்னதில் 6.5 வாங்கியவர் பின்னதில் தேங்கி நிற்பதில் வியப்பில்லை.

பிரிட்டனில் இந்த இடைவெளியை அடைக்கவே 'ப்ரீ-செஷனல்' என்ற கோடைகாலப் படிப்பு இருக்கிறது. செப்டம்பரில் முதுகலை தொடங்கும் முன் ஆறு, பத்து, பன்னிரண்டு வாரம் என்று நடக்கும். பல்கலைக்கழகம் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் ஸ்கோரில் அரை மதிப்பெண் (அதை 'பேண்ட்' என்பார்கள்) குறைந்தால் பெரும்பாலும் குறுகிய படிப்பு, ஒரு பேண்ட் குறைந்தால் நீண்டது. கட்டணம் மட்டும் ஆயிரக்கணக்கான பவுண்டு; தங்குவதும் சாப்பிடுவதும் தனி. இதில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ஐஇஎல்டிஎஸ்ஸில் சாதாரண அகாடமிக் தேர்வு ஒன்று, பிரிட்டன் விசாவுக்கென 'யூகேவிஐ' என்று குறிக்கப்பட்ட தேர்வு இன்னொன்று. வினாத்தாள் அமைப்பு ஒன்றேதான். ஆனால் ப்ரீ-செஷனல் சேர்க்கைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இரண்டாவதைத்தான் கேட்கின்றன. கோச்சிங் சென்டர் சொன்னதென்று முதலாவதை எழுதிவிட்டு, விசா நேரத்தில் மறுபடி பணம் கட்டுவதைத் தவிர்க்க, சேர்க்கைக் கடிதத்தில் எந்தத் தேர்வு என்று பார்த்த பிறகே பதிவு செய்ய வேண்டும். ஸ்கோர் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

உள்ளூரில் நடத்தும் எந்தப் படிப்பும் அந்தத் தேர்வுக்கு ஈடாகாது. ஆனால் ப்ரீ-செஷனல் படிப்பில் கற்றுத்தரும் வேலைகள் அத்தனையையும் டெல்டாக் கல்லூரி ஒன்றின் வகுப்பறையில் கற்றுத்தர முடியும். மே நடுவில் தொடங்கினால் ஜூன் கடைசிக்குள் முடியும். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். ஆக 120 மணி. ஒரு குழுவுக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது. காரணம் திருத்தும் வேலை: ஒருவர் மூன்று வரைவு எழுத, ஒரு வரைவுக்கு அரை மணி என்றால் பதினாறு பேருக்கு 24 மணி நேரம். அறுபது பேரை உட்கார வைத்தால் திருத்துவது நின்றுபோகும், படிப்பு மறுபடி இலக்கண வகுப்பாகிவிடும். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்களை நினைத்து வகுப்பைப் பத்து மணிக்கு வைப்பது நல்லது.

முதல் வேலை வாசிப்பு. பத்துப் பக்க ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தால் நம் மாணவர் முதல் சொல்லிலிருந்து தொடங்குவார். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்து, பென்சிலால் மேலே தமிழில் எழுதி, இரண்டாம் பக்கத்தில் சோர்ந்துவிடுவார். வரிசையை மாற்ற வேண்டும். தலைப்பு, சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, பிறகு அட்டவணைகளும் படங்களும், அப்புறம் முடிவுப் பகுதி. இதற்குப் பத்து நிமிடம். பிறகு கட்டுரையை மூடி இரண்டு வாக்கியம் எழுத வேண்டும்: இவர் என்ன கேட்கிறார், என்ன கண்டேன் என்கிறார். அது வந்த பிறகுதான் முறையியல் பகுதிக்குப் போவது. அகராதி பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மட்டும்.

சொற்களுக்கு 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் தொகுத்த 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' உதவும். அதில் 570 சொற்குடும்பங்கள். பல்கலைக்கழகப் பாடநூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவைதாம். முப்பது வகுப்பில் முடிக்க நாளுக்குப் பத்தொன்பது. தனிச் சொல்லாக உருப்போடாமல் அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல் என்று குடும்பமாகப் படிக்க வேண்டும். அகராதிப் பொருளை அப்படியே நம்பவும் கூடாது. 'சிக்னிஃபிகன்ட்' என்றால் முக்கியமானது என்று எழுதிக்கொண்ட மாணவர், புள்ளியியல் கட்டுரையில் அந்தச் சொல் 'தற்செயலாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாத அளவு' என்ற பொருளில் நிற்பதைக் கவனிக்காமல் போனால் கட்டுரையின் முடிவையே தவறாகப் புரிந்துகொள்வார்.

கேட்டுக் குறிப்பெடுக்க, ஐஐடி ஆசிரியர்களின் இணைய வகுப்புகளான என்பிடெல் விரிவுரைகள் இலவசமாக இருக்கின்றன. பதினைந்து நிமிடப் பகுதியை ஒரே முறை, கீழே எழுத்து ஓடாமல் போட வேண்டும். நோட்ஸ் டிக்டேட் செய்தே பழகியவர்கள் எல்லாச் சொல்லையும் எழுத முயன்று, மூன்றாம் நிமிடத்தில் தொடர்பை விட்டுவிடுவார்கள். தாளை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு விட்டு மடித்து, வலப்பக்கத்தில் குறிப்பு, அன்று மாலை இடப்பக்கத்தில் அதற்கான கேள்வி என்று எழுதப் பழக்கலாம். மறுநாள் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து நூறு சொல்லில் விரிவுரையைத் திருப்பி எழுதச் சொன்னால், எது விட்டுப்போயிற்று என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து வேறு நாட்டுக் குரல்களுக்கு மாறலாம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பிறர் எழுதியதைத் தன் சொல்லில் சொல்வதற்கு. இதைத் தமிழிலேயே முதலில் பழக்குவது நல்லது, ஆங்கிலப் பயம் இடையில் வராது. மூல வாக்கியம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'மேட்டூர் அணை தாமதமாகத் திறக்கப்படும் ஆண்டுகளில் கடைமடைப் பகுதிகளில் குறுவைச் சாகுபடிப் பரப்பு கணிசமாகக் குறைகிறது.' மாணவர் எழுதுவார்: 'மேட்டூர் அணை காலங்கடந்து திறக்கப்படும் வருடங்களில் கடைமடைப் பிரதேசங்களில் குறுவை விவசாயப் பரப்பு பெருமளவு குறைகிறது.' ஐந்து சொல் மாறியிருக்கிறது, எலும்புக்கூடு அப்படியே. இதைத்தான் திருட்டு என்று பல்கலைக்கழகம் சொல்லும். கீழே மூலத்தைக் குறிப்பிட்டாலும் மதிப்பெண் போகும். மூலத்தை மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்து, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிவிட்டு எழுதினால் வாக்கியம் வேறாக வரும்: 'கடைமடை விவசாயி குறுவை போடுவாரா என்பதை ஜூன் மாதத் தண்ணீரே முடிவு செய்கிறது.' நடை சொந்தமாகிவிட்டது. ஆனால் இதிலும் ஒரு பிழை இருக்கிறது. மூலம் சொன்னது அந்த ஆண்டுகளில் பரப்பு குறைகிறது என்பதை மட்டுமே; தண்ணீரே முடிவு செய்கிறது என்று அது சொல்லவில்லை. பம்புசெட் உள்ளவர் மேட்டூரை எதிர்பார்க்காமலே நாற்று விடுவார். ஆகவே 'கடைமடையில் குறுவைப் பரப்பு, அணை திறக்கும் நாளைப் பெரிதும் சார்ந்திருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதி, ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்தால் சரி. இந்தத் 'தெரிகிறது'தான் ஆங்கிலத்தில் 'சஜஸ்ட்ஸ்', 'அப்பியர்ஸ்'. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கித்தரும் அடித்துப் பேசும் பழக்கம் இங்கே செல்லாது. 'ப்ரூவ்ஸ்' என்று வரும் இடமெல்லாம் நிறுத்தி, நிஜமாகவே நிரூபணம் ஆயிற்றா என்று கேட்டாலே பாதிக் கட்டுரை திருந்தும்.

உள்நாட்டிலும் இது விளையாட்டல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு. நூற்பட்டியல்கூட அதில் சிவப்பாக வரலாம், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். நூற்பட்டியலைக் கையால் எழுதாமல் ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவந்தால், கடைசி இரவு தேடல் இருக்காது. சாட்ஜிபிடி தரும் நூற்பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் ஒட்டவே கூடாது. எழுதப்படாத கட்டுரைக்கும் அது நல்ல தலைப்பு வைத்துத் தரும்.

கட்டுரை அமைப்பில் நம் பள்ளிக்கூடத்து முன்னுரை, பொருளுரை, முடிவுரை குறுக்கே வரும். முன்னுரை என்றால் பழமொழி, அல்லது 'இன்றைய நவீன உலகில்' என்று கை தானாகப் போகிறது. முதல் பத்தியை அடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறைந்திருக்காது. அங்கே வர வேண்டியது கேள்வியும், அதற்குக் கட்டுரை தரப்போகும் பதிலும். மூன்றாம் வாரம் முதல் ஆளுக்கொரு தலைப்பில் 1500 சொல், குறைந்தது ஆறு மூலம், மூன்று வரைவு. முதல் வரைவில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது. திருத்தினால் மாணவர் எழுத்தை மட்டும் சரிசெய்து, குழம்பிய வாதத்தை அப்படியே திருப்பித் தருவார். முதல் வரைவுக்கு வாதம், இரண்டாவதற்குப் பத்தியும் மேற்கோளும். 'தி', 'ஏ' விட்டுப்போவதும் 'டிஸ்கஸ் அபௌட்'டும் மூன்றாவதில் பார்த்தால் போதும்.

செமினாரில் ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் கேள்வி கேட்கும் முன் 'ஐ ஹேவ் எ டௌட்' என்போம். வெளிநாட்டு ஆசிரியர் காதில் அது 'நீங்கள் சொல்வதில் நம்பிக்கையில்லை' என்று விழும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று வாய் பழக ஒரு வாரம் ஆகும். மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்', 'டு தி நீட்ஃபுல்' இரண்டையும் அதே வாரத்தில் கழற்றிவிடலாம்.

இதற்கு வேண்டியவை ஒரு வகுப்பறை, புரொஜெக்டர், நல்ல ஒலிபெருக்கி, ஆளுக்கு இருநூறு பக்க ஜெராக்ஸ், முழுநேரமாக இரண்டு ஆசிரியர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஊருக்கு ஓர் அரசுக் கல்லூரியில் இதை நடத்த உயர்கல்வித் துறை உத்தரவிடலாம். மாணவர் திறன் வளர்க்கும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் சேர்த்தாலும் சரி. அதுவரை கல்லூரி முதல்வர்கள் தாமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மே, ஜூனில் நூலகத்தையும் கணினி அறையையும் பூட்டாமல், காலை பத்து முதல் மாலை நான்கு வரை கடைசி ஆண்டு மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டோம் என்று வாசலில் நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
காவிரி டெல்டாக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.