கறை படிந்த பிரதியைக் கழித்துவிடாதீர்கள்

ஹங்கேரியின் நூலகர்களுக்கும் பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பல வருஷங்களாக புடாபெஸ்டில் குடியிருக்கிறேன். உங்கள் நாட்டின் பழைய சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி வைக்கிறேன். இந்த மடல் ஹங்கேரிய மொழியிலும் உங்கள் கைக்கு வரும். ஆனால் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கிறது. அதனால் முதலில் தமிழில் எழுதிவிட்டேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். சமையல் புத்தகம் ஒன்றைப் பட்டியலில் சேர்க்கும்போது தலைப்பு, ஆசிரியர், ஊர், ஆண்டு என்று எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் அந்தப் பிரதியில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஓரத்துப் பென்சில் குறிப்பு, நடுவே ஒட்டிய செய்தித்தாள் துண்டு, கடைசியில் சேர்த்துத் தைத்த கையெழுத்துத் தாள், எல்லாவற்றையும். "இதைவிட நல்ல பிரதி நம்மிடம் இருக்கிறது" என்று சொல்லிக் கறை படிந்த பிரதியைக் கழித்துவிடாதீர்கள்.

இதை எழுத வைத்தது ஒரு இழப்பு. செகெத் நகரத்தில் 1876இல் வெளிவந்த 'ரேஸி நேனி' சமையல் புத்தகத்தின் ஒரு பிரதியை ஒரு நூலகத்தில் பார்த்தேன். நேனி என்றால் அத்தை. அந்தப் பிரதியின் பின்பக்கம் ஏழு தாள்கள் கூடுதலாகத் தைக்கப்பட்டிருந்தன. எளிதில் அழியாத ஊதா நிறக் 'காப்பியிங்' பென்சிலில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கசகசாச் சுருள் ரொட்டியின் குறிப்பு அதில் இருந்தது. 'பால்' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'தண்ணீர்' என்று எழுதியிருந்தார்கள். நேரம் ஆகிவிட்டதால் இரண்டு குறிப்புகளை மட்டும் நோட்டில் பெயர்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஆண்டு அதே புத்தகத்தைக் கேட்டபோது பளிச்சென்று வேறொரு பிரதி வந்தது. பழையது இரட்டைப் பிரதி என்று கழிக்கப்பட்டு விற்கப்பட்டுவிட்டதாம். யார் வாங்கினார்கள் என்று பதிவில்லை. அந்த ஏழு தாள்களைப் பற்றிப் பட்டியலில் ஒரு வரிகூட இருந்ததில்லை. ஆக, இருந்த காலத்திலும் அந்தத் தாள்கள் கணக்கில் இல்லை, போனதும் கணக்கில் இல்லை.

இந்தப் புத்தகம் அச்சாகி மூன்றே ஆண்டுகளில், 1879 மார்ச்சில், திஸா ஆறு கரையுடைத்து செகெத் நகரை மூழ்கடித்தது. ஐயாயிரத்து எழுநூறு வீடுகளுக்கு மேல் இருந்த ஊரில் 265 வீடுகள்தான் மிஞ்சின. அந்த ஊர்ச் சமையலறைகளில் இருந்த முதல் பிரதிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளத்துக்குத் தப்பிய ஒரு பிரதி அலமாரியில் இடம் போதவில்லை என்ற காரணத்தால் காணாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

சமையல் புத்தகம் மற்றப் புத்தகங்களைப் போல அல்ல என்பதை நீங்களே அறிவீர்கள். அது அடுப்புக்குப் பக்கத்தில் வாழ்கிறது. நன்றாகப் பயன்பட்ட பிரதிதான் முதலில் கிழியும். ஒருவரும் திறந்து பார்க்காத பிரதி மட்டுமே நூறு ஆண்டு கழித்தும் புதிது போல இருக்கும். சுத்தமான பிரதியைத்தான் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தால், யாருமே சமைக்காத புத்தகங்களைத்தான் நாளை சேர்த்து வைத்திருப்பீர்கள்.

ஒரு பிரதி என்னென்ன சொல்லும் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒன்றையே காட்டுகிறேன். புடாபெஸ்டின் பழைய பொருள் சந்தையான எச்செரியில் வாங்கியது. அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, 17ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. விற்றவர் எடைக்குப் போடும் காகிதத்தோடு வைத்திருந்தார். சர்க்கரையை 'ட்ஸுகோர்' என்று பழைய முறையில், முதல் ஒலிக்கு c, z என்ற இரண்டெழுத்தைக் கூட்டி அச்சிட்டிருக்கிறது. அந்த எழுத்துமுறையை ஹங்கேரிய அகாதெமி 1922இல்தான் கைவிட்டது. ஆகவே பெரும்பாலும் அதற்கு முந்தையது. அளவுகள் எல்லாம் லாட், ஃபொன்ட், இட்ஸே. நம் பாட்டிமார் ஆழாக்கு, படி, பலம் என்று சொன்ன மாதிரி. ஒரு ஃபொன்ட் 560 கிராம், அதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு லாட், அதாவது பதினேழரை கிராம். மெட்ரிக் அளவை ஹங்கேரியில் 1876 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பழக்கம் ஒரே நாளில் மாறாது, அதன் பிறகும் சில காலம் பழைய அளவில் அச்சடித்திருப்பார்கள். ஆனாலும் புத்தகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது அச்சில் இருப்பது. வாதுமைக் கேக் குறிப்பில் '8 லாட் சர்க்கரை' என்ற இடத்தில் யாரோ பென்சிலால் '14 டெக்கா' என்று எழுதியிருக்கிறார்கள். எட்டைப் பதினேழரையால் பெருக்கினால் 140 கிராம், சரியாக 14 டெக்கா. லாட்டில் கற்ற தாயின் புத்தகத்தை, டெக்காவில் நிறுக்கும் மகளோ மருமகளோ தன் தராசுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அதே பக்கத்தின் அடியில் மூன்றாவது ஒரு கை, நீல மையில், '1945. முட்டை இல்லாமல் செய்தேன்.' அவ்வளவுதான். எப்படி வந்தது என்று எழுதவில்லை. அந்த வரிக்கு மேல் ஒரு கொழுப்புக் கறை, அடுத்த நான்கு பக்கங்களுக்கும் ஊறி இறங்கியிருக்கிறது. இந்தப் பிரதியை உங்கள் படிவத்தில் பதிந்தால் 'குறைப்பிரதி, தலைப்புப் பக்கம் இல்லை, ஆண்டு இல்லை' என்று முடிந்துவிடும்.

ஆண்டு போடாத புத்தகத்துக்கு நாணயமும் ஒரு சாட்சி. பின்னட்டை விலையோ விளம்பரத்தின் விலையோ இருந்தால் அப்படியே எழுதி வையுங்கள். 1892இல் கொரோனா வந்தது, 1927இல் பெங்கோ, 1946 ஆகஸ்டில் இன்றைய ஃபோரின்ட். கொரோனாவுக்கு முன்னால் இருந்ததற்கும் ஃபோரின்ட் என்றே பெயர். பட்டியலில் வெறும் 'ஃபோரின்ட்' என்று இருந்தால் நான் அரை நூற்றாண்டு தள்ளிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. கூடவே கிரய்ட்ஸார் என்ற சில்லறை இருந்தால் பழையது என்று உடனே தெரிந்துவிடும்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேஸி நேனியின் உண்மைப் பெயர் தோலெஷ்கோ தெரேஸ். ஒரு நூலகத்தில் ஒரு பெயரிலும் இன்னொன்றில் மற்றப் பெயரிலும் தேட வேண்டியிருக்கிறது. மணமான பெண்ணுக்குக் கணவரின் முழுப் பெயரோடு 'நே' என்று சேர்த்து எழுதுவது உங்கள் வழக்கம். முன்பக்கத்தில் கையெழுத்திட்ட பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் இட்டிருக்கிறார்கள். உள்ளே ஏதாவது ஒரு மூலையில் அவளுடைய சொந்தப் பெயர் கிடைத்தால், தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.

ஹங்கேரிய மொழியில் அச்சான முதல் சமையல் புத்தகம் என்று நாம் கொண்டாடுவது டிரான்ஸில்வேனியாவின் கொலோஜ்வாரில் (இன்று ருமேனியாவின் க்ளுஜ்) தோத்ஃபலுஷி கிஷ் மிக்லோஷ் 1695இல் அச்சிட்டது. ஆம்ஸ்டர்டாமில் எழுத்து வார்க்கக் கற்றுப் பைபிள் அச்சிட்ட மனிதர் அவர். அந்தச் சின்னப் புத்தகத்தை அவர் பெரிய அரண்மனைகளின் சமையல்காரர்களுக்காக அச்சிடவில்லை. சமையல்காரர் வைத்துக்கொள்ள முடியாத சாதாரணக் குடும்பங்களுக்காக என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். அதில் மிளகும் இஞ்சியும் குங்குமப்பூவும் மணக்கும். உங்கள் சமையலின் அடையாளமாக உலகம் நினைக்கும் பாப்ரிகா கிடையாது. என் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், மேற்குக் கடற்கரை மிளகு டிரான்ஸில்வேனியா வரை போயிருக்கிறதே என்று மகிழ்ந்துபோகிறார்கள். சாதாரண வீட்டுக்காக என்று தொடங்கிய மரபு இது. சாதாரண வீட்டார் அதில் எழுதிச் சேர்த்ததைக் குப்பை என்று ஒதுக்கலாமா?

உங்கள் நாட்டவர் ஒருவரே இதற்கு வழி காட்டியிருக்கிறார். சிகாகோவில் உணவகம் நடத்திய சத்மாரி லயோஷ், சமையல் தொடர்பாகத் தான் சேர்த்ததில் சுமார் 20,000 நூல்களையும் தாள்களையும் அயோவா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். வீடுகளில் எழுதி வைத்த கையெழுத்து நோட்டுகளையும் அச்சுப் புத்தகத்துக்குச் சமமாக மதித்துச் சேர்த்தவர் அவர். அந்த நோட்டுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் வரி வரியாகப் பெயர்த்தெழுதும்படி அந்த நூலகம் செய்திருக்கிறது. ஹங்கேரிய நோட்டுகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பெயர்த்தெழுத நான் வருகிறேன்.

பேக்கிங் பவுடர் நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த குறிப்புப் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு நிறுவனமான வான்ட்ஸாவின் சிறு வெளியீடுகளைப் பல இடங்களில் துண்டறிக்கைகளோடு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள், பட்டியலில் 'சமையல்' என்று தேடினால் கிடைப்பதில்லை. எத்தனையோ வீடுகளுக்குள் சமையல் குறிப்பு அச்சில் நுழைந்தது அவற்றின் மூலம்தான்.

இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். 1944, 45இல் நாஜி முகாம்களில் அடைக்கப்பட்ட ஹங்கேரிய யூதப் பெண்கள், பட்டினிக்கு நடுவே, கிடைத்த காகிதத்தில் தங்கள் வீட்டுச் சமையலைக் குறிப்பாக எழுதினார்கள். அப்படித் தப்பி வந்த தாள்களை அருங்காட்சியகங்கள் இன்று கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. ஒரு குடும்பத்தின் பழைய பெட்டியிலிருந்து தலைப்பில்லாத, ஆண்டில்லாத நோட்டு ஒன்று உங்கள் கடைக்கு வரும்போது, அது எங்கிருந்து வந்தது என்று கொண்டு வந்தவரிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே செருகுங்கள். அதை அவர் சொல்லாமல் போய்விட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

புடாபெஸ்டின் மூஸெயும் சாலையில் பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கையெழுத்துத் தாள்களைக் கத்தரித்து எடுத்தால் புத்தகம் 'சுத்தமாக' விற்கும் என்பது எனக்குத் தெரியும். எடுப்பதற்கு முன் எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள். எடுக்காமலே, நீங்கள் கேட்கும் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஏழு தாள்களோடு போன ரேஸி நேனி பிரதி இப்போது யாரிடமோ இருக்கிறது. இதைப் படிப்பவர் அவராக இருந்தால், புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டாம். கடைசித் தாளின் பின்புறம் சாயும் எழுத்தில் பிளம் ஜாம் குறிப்பு ஒன்று பாதியில் நிற்கும், அதன் மீதி அட்டையின் உட்பக்கத்தில் தொடர்ந்தது போல எனக்கு நினைவு. அந்த இரண்டையும் படமெடுத்து ஏதாவது ஒரு நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு சேகரிப்பாளர்
புடாபெஸ்ட்