யாருக்கு என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

‘நிறைய தண்ணீர் குடியுங்கள்’ என்று மருத்துவக் குறிப்புகளில் பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள். யாருக்கு? 6 மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளிகூடக் கூடாது. வயதானவர்கள் கதை வேறு. தாக உணர்வே மங்கிவிடுவதால், கேட்டால் ‘வேண்டாம்’ என்பார்கள். டம்ளரைக் கையில் கொடுத்து, குடிக்கும்வரை பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். அவர்களிலும் இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான்.

அப்புறம், பெரியவர்களின் காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. குழந்தைக்கான அளவு எடையைப் பொறுத்தது. மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கூடவே கூடாது. குறிப்பு எந்த வயதினருக்கு என்பதைத் தலைப்பிலேயே போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்